தூரத்துச் சக்கரம் முதலில்

ஞாயிற்றுக்கிழமை சின் மிங்கில்
ஷட்டர்கள் பாதிதான் ஏறியிருக்கும்.
மூன்றாம் தளத்தில் ஆ செங் தன் பட்டறையை
மதியம்வரை எனக்கு விட்டிருந்தார்.
தரையில் எண்ணெய் சிந்தக்கூடாது,
அவ்வளவுதான் வாடகை.

அறுபத்தொன்றாம் வருடத்து மாரிஸ் மைனர்.
ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள் சாலைக்கு வரலாம்.
மிச்ச நாளெல்லாம் உறை போர்த்திக்கொண்டு
ஈரக்காற்றை உறிஞ்சியபடி நிற்கும்
அதன் பிரேக் எண்ணெய்.

முன்வலதுச் சக்கரத்தைக் கழற்றி
கீழ்மூட்டில் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அமுக்கினேன்.
ஒன்றும் வரவில்லை.
பிறகு தேநீர் நிறத்தில் தண்ணீர்.
பிறகு கறுப்பாய், மணல் நெறுநெறுக்க.
வெகுநேரம் கழித்துத்தான் தேன்போல் புதுசு.
இந்த மூட்டு காய்ந்தால் மரை தேயும்;
ஏதோவொரு திருப்பத்தில் சக்கரம்
முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிடும்.
புக்கிட் தீமா சாலையில் ஒருமுறை பார்த்தேன்.
வேறொருவர் வண்டி, நீலம்.
பின்னால் வந்த பேருந்து
ஹாரன்கூட அடிக்கவில்லை.

இதெல்லாம் நானே செய்துகொள்வேன்.
பிரேக்கில் காற்றெடுக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும்.

பத்தரைக்குத் தனபாலன் வந்தான்,
இரண்டு கோப்பிப் பைகள் விரலில் தொங்க.
விவாகரத்துக்குப் பிறகு இது நான்காவது முறை.
கார் எனக்கு, தோ பாயோ வீடு அவனுக்கு.
“ரப்பரெல்லாம் மாத்திட்டியா?”
“ஆறும் மாத்தியாச்சு.”

பெடலில் அவன் கால்,
வண்டிக்கடியில் என் முகம்.
தூரத்துச் சக்கரம் முதலில், பின்னிடது.

அமுக்கு.
பிடி.
திறக்கிறேன்.
விடாதே, விடாதே.
மூடிட்டேன். இப்ப விடு.

ஜாம் போத்தலுக்குள் குழாய் வழியே
குமிழிகள் வந்து உடைந்தன.
பதினொரு வருடத்தில் அவன்
நான் சொன்னதை இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.
நானும் இவ்வளவு சுருக்கமாய்ச் சொன்னதில்லை.

மூன்றாம் சக்கரத்தில் அவன் கைப்பேசி அடித்தது.
கால் தானாய் எழுந்துவிட்டது.
போன காற்று திரும்ப உள்ளே.
“மன்னிச்சுக்கோ,” என்றான் மேலேயிருந்து.
எதற்கு என்று கேட்கவில்லை.
அமுக்கு, என்றேன்.

ஒரு மணிக்குப் பெடல் கல்லாய் நின்றது.
அவன் போனபிறகுதான் கோப்பியைக் குடித்தேன்.
ஆறிப்போயிருந்தது. கொசோங்.
சர்க்கரையை நான் விட்டதே போன வருடம்.
யார் சொன்னார்கள் அவனுக்கு?

சரிவில் இறக்கிப் பார்த்தேன்.
நிற்கிறது,
இடப்பக்கம் சற்றே இழுத்து.
டிரம்மைத் திறந்து ஒரு சொடுக்கு தளர்த்தவேண்டும்.
அதற்கு ஒரு ஆள் போதும்.