மற்றும் பலர்

பெட்டிக்கு எண்பத்தாறாயிரம் ஆனது.
கணக்கு என்னிடம் இருக்கிறது, கேளுங்கள்.
மூக்கனேரி ஓரம் ஞாயிறு காலை ஓட்டம்,
ஆளுக்கு நூறு, பனியன் இலவசம்.
பனியனுக்கே தொண்ணூற்றிரண்டு போனது.
குலுக்கல் சீட்டின் முதல் பரிசு மிக்ஸி
தலைவரின் மச்சினனுக்கே விழுந்து தொலைக்க,
ஊர் வாயை மூட
அதே மிக்ஸியை மறுபடி குலுக்கினோம்.
ஸ்டெல்லா டீச்சருக்கு விழுந்தது.
அவர் வீட்டில் ஏற்கெனவே இரண்டு.

ஐந்து ரோட்டில் நின்று மல்கோவா விற்றோம்,
அழுகியது போக மிச்சம் நாலாயிரம்.
செவ்வாய்ப்பேட்டையில் கடை கடையாக ஏறினோம்.
கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர்
"நல்ல காரியம், நாளைக்கு வாங்க" என்றார்,
பதினோரு நாளும்.
பன்னிரண்டாம் நாள் ஐயாயிரம் தந்தார்,
ரசீதில் தன் இனிஷியலை
இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு.

பிணம் வைக்கும் பெட்டிதானே என்று
யாரும் முகம் சுளிக்கவில்லை,
கையால் தொடாமல் சுற்றி நின்று படம் எடுத்தோம்.
பக்கவாட்டில் ஸ்டிக்கர்:
ஆயிரத்துக்குமேல் தந்தவர்கள், முப்பத்தோரு பெயர்.
தலைவர் குணசீலன் மட்டும் கட்டை எழுத்தில்.
இடம் தீர்ந்த கடைசி வரியில்
'மற்றும் பலர்.'

அதில்தான் நான் இருக்கிறேன்.
சந்தா பாக்கி இருநூறு.
பணத்துக்குப் பதில் என் மினிவேன்.
நடுராத்திரி போன் அடித்தால்
என் மனைவி "யாரு?" என்று கேட்பதில்லை,
"எந்தப் பக்கம்?" என்பாள்.
கொண்டலாம்பட்டி என்றால் திரும்பிப் படுப்பாள்.
அன்றைக்கு மலை என்றதும்
எழுந்து ஸ்வெட்டர் எடுத்துத் தந்தாள்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
கயிறு போட்டுக் கட்டியும்
ஒவ்வொரு வளைவிலும் காலிப் பெட்டி
உள்ளே யாரோ இருப்பதுபோல் இடித்துக்கொண்டு வந்தது.
ஜாவித் முன்சீட்டில் ஓதிக்கொண்டே வந்தான்.
தூக்க ஆள் வேண்டுமென்று கூட்டிவந்த பையன்,
சங்கத்தில் சேர்ந்து மூன்று வாரம்.

நாகலூர் தாண்டி, தார் முடிந்து, ஒரு வீடு.
சில்வர் ஓக்கில் ஏணி சாய்த்து
மிளகு பறித்தவர் சறுக்கி விழுந்திருக்கிறார்.
மகன் எர்ணாகுளத்திலிருந்து வரவேண்டும்.
வோல்டேஜ் குறைவு. பெட்டி
முனகி முனகித்தான் குளிர்ந்தது.

மூலையில் மூன்றாவது படிக்கிற சிறுமி,
அழ வராமலோ என்னவோ,
ஸ்டிக்கரை எழுத்துக்கூட்டத் தொடங்கினாள்.
கு ண சீ ல ன்.
பிறகு ஒவ்வொரு பெயராக, விரல் வைத்து.
இறந்தவரின் மனைவி தலையைத் தூக்கினார்.
"இவங்கல்லாம் முன்னாடி
இதுல படுத்திருந்தவங்களா?"

இல்லம்மா, காசு குடுத்தவங்க
என்று சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் அவர் பெயர்களைப் பார்த்துக்
கை கூப்பிவிட்டார்.
"எல்லாரும் நல்லபடியா போய்ச் சேந்திருக்கணும்."
சிறுமி கடைசி வரிக்கு வந்தாள்:
"மற்... றும் ப... லர்."
"ஆமா," என்றார் அந்த அம்மா.
ஜாவித் என்னைப் பார்த்தான்.
நான் பிளக்கைச் சரிபார்க்கக் குனிந்தேன்.

இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம்.
இன்னொரு பெட்டி வாங்கலாம்,
இந்த முறை பெயர்கள் எல்லாம் பித்தளைத் தகட்டில்
என்றார் குணசீலன்.
நான் நாகலூரைச் சொன்னேன்.
போண்டாவைக் கடித்த ஸ்டெல்லா டீச்சர்
மெல்லாமல் வைத்திருந்தார்.
பட்டறைக்காரர் தட்டையே பார்த்தார்.
'பெயர் பொறிப்பது பற்றி
அடுத்த கூட்டத்தில் பேசலாம்' என்று
மினிட்ஸில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் காலையில் தலைவரின் போன்.
"அந்தம்மா கும்பிட்டாங்கன்னியே,
என் பேரையும் சேர்த்தா?"
"மொத பேரே உங்களுதுதானே சார்."
கொஞ்ச நேரம் சத்தமில்லை,
பின்னால் குக்கர் விசில் மட்டும்.
"சரி, இருக்கட்டும்.
அந்த ஸ்டிக்கரக் கிழிச்சிராத" என்றார்.
வைக்கும் முன்
என் சந்தா பாக்கியை நினைவுபடுத்தினார்.