பதினோராம் வளைவில் கைவசம் இருந்தவை

எஃப்.சி.க்கு நிற்கிற நாளில் என் ஜீப்பைப் பார்க்க வேண்டும்.
தீயணைப்பு சிலிண்டர் முந்தல் டீக்கடையிலிருந்து,
சிவப்பு முக்கோணம் தவசியண்ணன் வண்டியிலிருந்து,
ஸ்டெப்னியில்கூட அன்றைக்குக் காற்று இருக்கும்.
சொந்தம் என்று சொல்லிக்கொள்ள
முதலுதவிப் பெட்டி ஒன்றுதான்:
வெள்ளைத் தகரம், சிவப்புக் கூட்டல் குறி,
வண்டியை வாங்கியபோதே சாவி இல்லாத பூட்டு.
மற்ற நாளில் அதன்மேல் டீ கிளாஸ் நிற்கும்.

காலை நாலே முக்காலுக்குப் போடியில் ஏறுகிறவர்கள் பதினான்கு பேர்.
எத்தனை சீட்டு என்று கேட்காதீர்கள்.
தூக்குவாளி, கொங்காணிச் சாக்கு, பாலிதீன் தாள்,
புருஷனின் முழுக்கைச் சட்டை,
அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும்,
இறங்கும்போது இதோடு ஆளுக்கொரு விறகுக்கட்டு.
கால் வைக்க இடமில்லை, மூட்டையைக் குறைங்கம்மா
என்று தினமும் கத்துவேன்.
பூப்பாறை வரைக்கும் கத்துவேன்.

ஆடி மாதம். சாயங்காலம் ஆறு இருக்கும்.
மூடுபனி பானெட்டைத் தின்றுவிட்டிருந்தது.
பதினோராம் வளைவில் முதலில் தெரிந்தது
சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஒரு சக்கரம்.
அப்புறம்தான் பைக்.
அப்புறம்தான் பையன்.

ஜாக்கி ராடால் பூட்டை உடைத்தேன்.
உள்ளே
கறுத்துப்போன பஞ்சு,
ஆவியாகிப் போன டிங்சர்,
துருவில் ஒட்டி ஒற்றைக் காலாகிவிட்ட கத்தரிக்கோல்,
பழைய ஓனரின் கேரள லாட்டரிச் சீட்டு,
குலுக்கல் முடிந்து ஏழு வருடம்.

அதற்குள் அவர்கள் இறங்கியிருந்தார்கள்.
டயருக்கு அணைக்கல் வைத்தது யாரென்று தெரியாது.
சுருளியம்மா தன் தலைத்துண்டை நாலாய் மடித்து
கெண்டைக்காலில் வைத்து
இரண்டு கையாலும் அழுத்தினாள்,
தோட்டத்தில் மூட்டையை மிதித்துக் கட்டுகிற அதே முகத்தோடு.
புகையிலைத் தூளோடு நீண்ட ஒரு கையை
ஒச்சம்மா தட்டிவிட்டாள்:
'அது அட்டைக்குடி. ஆளுக்கில்ல.'
கோணிய காலுக்கு இரண்டு பக்கமும் விறகு,
அடியில் ஒன்று,
விறகு கட்டிய கயிறே கட்டு.
முழுக்கைச் சட்டைகள் மூன்று அவன்மேல் போயின,
அதற்கு மேல் பாலிதீன் தாள்.

முக்கோணம் இல்லாத வளைவில்
வீருசின்னம்மா போய் நின்றாள்.
சிவப்பு பிளாஸ்டிக் வாளிக்குள் போன் விளக்கைப் போட்டுத்
தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.
மேலேயிருந்து வந்த ஏலக்காய் லாரி
மூச்சுவிட்டபடி நின்றது.
பனிக்குள் அந்த வாளி
எந்த ஆர்.டி.ஓ.வும் பார்த்திராத சிவப்பு.

போனில் சிக்னல் கேரளாவா தமிழ்நாடா என்று
கோபுரம் முடிவு செய்யவில்லை.
பையன் பெயர் ஜோபி. சாந்தன்பாறை.
'வீட்டில் பறயண்ட சேச்சி' என்று
அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.
'சொல்லல, சொல்லல' என்றாள் சுருளியம்மா,
அழுத்தியதைத் தளர்த்தாமல்.
மேலே போனால் பனி. கீழே போடி ஆஸ்பத்திரி.
கீழே என்று அவர்களே முடிவு செய்தார்கள்.
அவனைப் படுக்க வைக்க இடம் வேண்டுமென்று
ஒன்பது பேர் லாரிக்காரனிடம் ஏறிக்கொண்டார்கள்.
புறப்படும் முன் ஒருத்தி குனிந்து
அணைக்கல்லை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு வந்தாள்.
அடுத்து வருகிறவன் இருட்டில் ஏற்றிவிடுவான் இல்லையா.

மறுநாள் நாலே முக்கால்.
'என் விறகு மூணும் எங்க?' ஏறும்போதே கேட்டாள் சுருளியம்மா.
ஆஸ்பத்திரியில் அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள் என்றேன்.
'நல்ல தைலமரக் கட்டை' என்றாள்.
முந்தல் தாண்டும்வரை
அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பூட்டில்லாத பெட்டி
வளைவுக்கு வளைவு திறந்து மூடிக்கொள்கிறது.
போன வாரம் பார்த்தபோது
உள்ளே உப்புப் பொட்டலம் ஒன்று, மடித்த துண்டு ஒன்று.
யார் வைத்தது என்று கேட்கவில்லை.
லாட்டரிச் சீட்டையும் எறியவில்லை.
டீ கிளாஸுக்குத்தான்
இப்போது இடமில்லை.