கறுத்த ஜன்னலைப் பார்த்து

நவம்பர் நடுவில் மலைக்குப் பின்னே போன சூரியன்
ஜனவரிக் கடைசியில்தான் திரும்பும்.
ஐஸ்லாந்தின் அந்த மீன்துறை ஊரில்
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், கூடைப்பந்துக் கோடுகள் மேல்
பாய் விரிக்கிறாள் ஸ்டெய்னுன்.

இருபத்திரண்டு வருடம் காட் மீனின் முதுகெலும்பை
ஒரே வீச்சில் உருவியவள்.
தன் முதுகில் எத்தனை கணு என்று
இப்போதுதான் எண்ணுகிறாள்.
ஐந்தாவது கணுவில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

"மூச்சை விடு" என்கிறாள் யாத்விகா,
பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற போலந்துக்காரி.
"விட்டுவிட்டேன்."
"இல்லை, இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய்."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று
கேட்கிற மொழி என்னுடையது.
இங்கே கண் நன்றாக இருக்கிறது;
கெட்டுப்போனது சூரியன்தான்.
ஆனாலும் பன்னிரண்டு பேர்
கும்பிட்டுக் குனிகிறார்கள்,
கறுத்த ஜன்னலைப் பார்த்து.

தோள் முழுசாய்ச் சரியாகவில்லை.
கெட்டிலை வலது கையால் தூக்குகிறாள், அவ்வளவுதான்.
இரவு மூன்று மணிக்கு விழித்துக்
கூரையோடு வழக்காடுவது
வாரத்தில் ஏழு நாளிலிருந்து இரண்டாகியிருக்கிறது.

நேற்று சவாசனத்தில்
குறட்டை விட்டாள்.
யாரும் எழுப்பவில்லை.
விளக்கை அணைத்துவிட்டு
யாத்விகா வாசலில் உட்கார்ந்திருந்தாள்,
சாவிக்கொத்து சத்தம் போடாமல்
உள்ளங்கையில் இறுக்கி.