நீக்கும் உரிமை

செவ்வாய்ப்பேட்டை சேகோ குடோனின் மாடியில்
நாற்பது மெய்நிகர் கணினிகள்;
அவற்றை மேய்க்க, ஆளில்லாத ஒரு கணக்கு.
எழுப்பலாம், டிக்.
அணைக்கலாம், டிக்.
நகலெடுக்கலாம், டிக்.
நீக்கலாம் என்ற கட்டத்தில்
கை நின்றது. விட்டுவிட்டேன்.
முகம் தெரியாதவனிடம் அரிவாளையா கொடுப்பது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பில் ஓடவில்லை.
டிஸ்க் நிறைந்திருந்தது:
அது தினமும் பெற்றுப்போட்டு,
புதைக்க அனுமதியில்லாமல் விட்ட
நூற்றுப் பதினான்கு கணினிகள்.
கீழே கணக்கர் லூர்துசாமி கத்தினார்.
புளித்த மாவு வாடை படியேறி வந்தது.

டிக் போட்டேன்.
ஜன்னலில், ஏற்காட்டுப் பாதையில் ஒரு பஸ்ஸின் வெளிச்சம்
மூன்று வளைவு இறங்குவதற்குள்
எல்லாம் போயிற்று.

ஒன்றிலாவது யாரேனும்
எதையேனும் வைத்திருந்தார்களா?
திறந்து பார்க்க
எனக்கு உரிமை இருந்தது.