இல்லை என்பது சீக்கிரம் வரும்

ராயக்கோட்டையில், உரக்கடை மாடியில்
ஓர் அறை, ஒரு மடிக்கணினி, நான்.
மண்டியில் தக்காளி ஏலம் நடக்கும்வரை
விலை சொல்லும் தளம் விழித்திருக்க வேண்டும்;
அதற்காக நானும்.

சர்வர்கள் மூன்று. ஒன்றின் நகல் மற்றது.
அதே விலை, அதே பட்டியல், அதே ஞாபகம்.
எங்கே இருக்கின்றன என்று கேட்டால்
மும்பை என்பேன். பார்த்ததில்லை.
மூன்றுக்கும் முன்னால் ஒரு வாசற்காரன்:
கிருஷ்ணகிரி டோல்கேட்டில் விசில் ஊதுகிறவனைப் போல
எந்த வரிசை குட்டையோ அங்கே கைகாட்டுவான்.
லாரிக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.
தெரியவும் வேண்டாம்.

ஐந்து விநாடிக்கொரு தரம் மூன்றையும் கேட்பான்:
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இருக்கிறாயா?
இருக்கிறேன்.
கேள்வி அவ்வளவுதான்.

நாலே கால். பாலக்கோட்டுப் பக்கமிருந்து மாதையன்:
"என்னாங்க, விலையே காட்டல, வெள்ளையா நிக்குது."
திரையில் மூன்று விளக்கும் பச்சை.
"அங்க டவர் இல்லியோ?" என்றேன்.
இப்போது நினைத்தால் கூசுகிறது.
அடுத்து சூளகிரியிலிருந்து ஒருவர்,
பிறகு ஒரே சமயத்தில் நான்கு அழைப்பு.

மூன்றாவதன் வட்டு ராத்திரியே நிரம்பிவிட்டது.
கேட்டவருக்கெல்லாம் இல்லை, இல்லை என்று
கண்ணிமைக்குமுன் சொல்லிக்கொண்டிருந்தது.
மற்ற இரண்டும் தேடி, கூட்டி, எடுத்துக் கொடுக்க
அரை விநாடி ஆகும்.
இல்லை என்பதற்கு என்ன நேரம்?
அதனால் அதன் வரிசை எப்போதும் குட்டை,
அதனால் வருகிறவர் எல்லாரும் அங்கேயே.
கைவிரித்தவனைச் சுறுசுறுப்பு என்று
நம்பிவிட்டான் வாசற்காரன்.
தாலுகா ஆபீசில், 'நாளைக்கு வா' ஜன்னலில் மட்டும்
கூட்டம் நின்று பார்த்ததில்லை நான்.

புதிதாக அங்கே யாரையும் அனுப்பாதே என்றேன்.
உள்ளே இருப்பவர் முடித்துக்கொண்டு போகும்வரை
காத்திருக்க வேண்டும், அது முறை.
முடிக்க அங்கே யாரிடமும் ஒன்றும் இல்லை.

மூன்றின் சுமையை இரண்டு தூக்கின.
எழுபது, எண்பது, எண்பத்தெட்டு.
கீழே தெருவில் யாரோ இரண்டு பேர்
மினி லாரியில் பெட்டி ஏற்றும் சத்தம்.
தொண்ணூற்றிரண்டில் நின்றது.
ஆறிப்போன டீயை அப்போதுதான் குடித்தேன்.

பிறகு கேள்வியைத் திருத்தி எழுதினேன்.
இருக்கிறாயா, அல்ல.
நாட்டுத் தக்காளி, பெட்டி, கடைசி ஏலம், என்ன விலை?
சொன்னால் இரு.

ஐந்து மணிக்கு மாதையனைத் திரும்ப அழைத்தேன்.
"இப்பத் தெரியுதுங்களா?"
"தெரியுது. பெட்டி நூத்தி நாப்பது."
கொஞ்ச நேரம் வண்டி இன்ஜின் மட்டும் கேட்டது.
"இதுக்கு அந்த வெள்ளையாவே இருந்திருக்கலாமேம்மா."
சிரித்தாரா, தெரியவில்லை.

வைத்துவிட்டு, இன்னொரு சர்வரிலும் பார்த்தேன்.
நூற்று நாற்பதுதான்.