பாக்கி

பழக்கத்தில் நாற்பது ரூபாய் நீட்டினேன்.
ஏறியதிலிருந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த வீரணன்
சிம்மக்கல் இறக்கத்தில்
இருபதைத் திருப்பித் தந்தான்.
மூன்று வருஷமாய் எனக்கு
இரண்டு சீட்டுக் காசு.

முதல் மாதம் பதினொரு கிலோ.
அடுத்த மாதம் ஆறு.
அப்புறம் இருபத்திரண்டு நாள்
தராசு அதே எண்ணைக் காட்டியது.
"நிக்கும், மறுபடி இறங்கும்" என்றார் டாக்டர்,
வேறு யாருடைய ஸ்கேனையோ பார்த்தபடி.
நிற்காமல் இறங்கியது முடிதான்,
சீப்பிலும் குளியலறைச் சல்லடையிலும்.

அரை இட்லிக்கு இருபது நிமிஷம்.
தண்ணீர் தனியே, அரைமணி கழித்து.
விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா மூன்று வாய்தான்,
வேர்த்து, நெஞ்சு படபடத்து
ஜவுளிக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
வயிற்றை வாழைக்காய் அளவுக்கு வெட்டித் தைத்தவர்கள்
நாக்கை அப்படியே விட்டுவிட்டார்கள்.

எதிர்வீட்டு பாக்கியவதி
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்,
"எந்த ஆஸ்பத்திரியில கீமோ?"
இல்லையென்று கையாட்டினேன்.
கையோடு தோலும் ஆடியது,
கொஞ்சம் தாமதமாக.

சித்திரை மாசம், மதுரையில்,
ஃபேனை அணைக்கச் சொல்கிறேன், குளிர்கிறதென்று.
வேர்வையில் புரண்டபடி
ஜீவரத்தினம் தூங்குவதுபோல் கிடக்கிறார்.

மறுநாளும் அதே ஆட்டோ.
பையை மடியில் இறுக்கி, தோளைச் சுருக்கி
கம்பியோடு ஒட்டிக்கொண்டேன்.
"நல்லா சாஞ்சு உக்காருக்கா" என்றான் வீரணன்.
"ஒரு ஆளு எடம் சும்மாக் கெடக்கு."