மூன்றாவது பெட்டி, இரண்டாம் கதவு

உமையாளின் தம்பி ஒசாகாவுக்குப் பக்கத்தில் இருக்கிறான்.
பக்கத்தில் என்றால், ரயிலில் நாற்பது நிமிஷம்.
அந்த ஸ்டேஷன் பெயர் இன்னும் அவள் வாயில் நிற்கவில்லை.
விடிகாலை நாலு மணிக்கு வீடியோ வரும்,
அங்கே அப்போது ஏழரை.
கறுப்புக் கோட்டுகள், மடக்கிய குடைகள்,
யாரும் பேசாத கூட்டம்,
தரையில் வெள்ளைக்கோடு.
கோட்டுக்கு நேரே வந்து நிற்கிறது கதவு.
தினமும். நூல் பிசகாமல்.

செட்டிநாடு ஸ்டேஷனில் ஆறே முக்காலுக்கு
அதை எங்களுக்குக் காட்டினாள்.
நாங்கள் என்றால்
திருமயத்துக்குக் கணக்கு நடத்தப் போகும் அருளப்பன் சார்,
ஸ்கேன் சென்டர் சபுரா,
புதுக்கோட்டைக் கோர்ட்டில் டைப் அடிக்கும் நான்,
டைல்ஸ் கடைப் பையன்கள் இரண்டு பேர்.
பையன்களின் பெயர் தெரியாது.
சீசன் டிக்கெட்காரர்கள் பெயர் கேட்டுக்கொள்வதில்லை,
இடம் பிடித்து வைப்பதோடு சரி.

"அதே வண்டி, அதே பெட்டி, அதே ஆளுங்க.
நாம மட்டும் ஏன் தெனம் ஓடுறோம்?"

மறுநாள் சாக்பீஸோடு வந்தாள்.
வேம்புக்கு இந்தப் பக்கம், குழாய்க்கு அந்தப் பக்கம்,
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
செம்மண் படிந்த சிமென்டில்
இரண்டு கோடு, நடுவில் ஓர் அம்பு.
"கோலமா ஆச்சி?" என்றார் கீரைக்கூடைக்காரர்.
"க்யூ" என்றாள்.

நின்றோம்.
வெட்கமாகத்தான் இருந்தது.
அத்தனை நீளப் பிளாட்பாரத்தில்
ஆறு பேர் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு,
ரேஷன் கடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகும்
கலையாத வரிசை மாதிரி.

வண்டி வந்தது.
கதவு கோட்டைத் தாண்டிப் பதினாறு அடி போய் நின்றது.
ஓடினோம்.

மறுநாள் ஒன்பது அடி முன்னாலேயே.
அதற்கடுத்த நாள் பெட்டிகளே குறைவு,
மூன்றாவது எது என்பதில் தகராறு.
அருளப்பன் சார் விடவில்லை.
ஒரு மாதம் சீசன் டிக்கெட் உறைக்குள் துண்டுத்தாளில்
குறித்தார், கூட்டினார், வகுத்தார்.
"சராசரியாப் பார்த்தா கதவு கரெக்டா கோட்டுலதான் நிக்குது."
"சராசரியில ஏற முடியாது சார்" என்றாள் சபுரா.

மழை அழித்தது. ஆடு படுத்து அழித்தது.
யாரோ ஒருவர் மறுபடி போட்டார்.
பெயின்ட்டில்.
டைல்ஸ் கடைப் பையன்களின் நகக்கண்ணில் வெள்ளை இருந்தது,
நாங்கள் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை
கதவு கோட்டில் நின்றது.
அங்குலம் கூடக் குறைவில்லை.
யாருக்கும் கால் எழவில்லை.
நீங்க ஏறுங்க, இல்ல நீங்க,
சார் முதல்ல, பொம்பளைங்க முதல்ல...
கார்டு விசில் ஊதினார்.
நகர்ந்த வண்டியில் எப்படியோ தொற்றிக்கொண்டோம்,
என் சாப்பாட்டுத் தூக்கு மட்டும்
வரிசையில் முதல் ஆளாக
அம்புக்குறி மேலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு உமையாள் லீவு.
மறுநாள் சொன்னபோது நம்பவில்லை.
"வீடியோ எங்கே?"
வீடியோ எடுக்கிற காரியமா அது.

தம்பிக்கு மட்டும் எழுதிவிட்டாள் போல.
நாலு மணிக்குப் பதில் வந்திருந்தது, படித்துக் காட்டினாள்:
"ஆச்சி, இங்க ஒரு தடவ வண்டி ரெண்டடி தள்ளி நின்னுடுச்சு.
பின்னால எடுத்து, சரியா நிறுத்தி,
மைக்குல மன்னிப்புக் கேட்டாங்க.
எனக்குச் சிரிப்பு வந்துச்சு.
திரும்பிப் பார்த்தேன்,
யாரும் சிரிக்கல.
நீங்க ஓடுறத எடுத்து அனுப்பேன்."

இன்று ஓடும்போது
போனைத் தோளுக்குப் பின்னால் திருப்பிப் பிடித்திருந்தாள்.
அதில் சபுராவின் செருப்பு கழன்று பறக்கிறது,
கீரைக்காரர் கூடையோடு எங்களை முந்துகிறார்,
பாதிக்கு மேல் வானம்தான் தெரிகிறது.
எத்தனை அடி தள்ளி என்று
அருளப்பன் சார் குறிக்கவில்லை.
மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்,
"நான் விழுந்திருக்கேனா அதுல?"